செம்பனைக்குள்ளே நின்றுபோன புள்ளி

தம்பி,

இந்த நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். நடுராத்திரி தாண்டிவிட்டது. வாட்சப்பில் போட்டால் போன் சத்தம் கேட்டு விழித்துக்கொள்வாய். விடிவதற்கு முன்னே எழுந்து, சிங்கப்பூர் வேலைக்காக ஜொகூர் பாலத்துக்கு ஓடுகிற பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் மின்னஞ்சலில் எழுதுகிறேன். அப்பா இரவு ஷிப்டுக்கு ஆலைக்குப் போய்விட்டார். போகும்போது, "படுத்துத் தூங்கு மா, நீ முழிச்சிருந்தா மட்டும் சிங்கப்பூர்ல வேலை குறைஞ்சிடுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். குறையாது. எனக்கும் தெரியும். ஆனால், "அடுத்த மாசத்திலிருந்து அந்தப் பக்கமே ரூம் எடுத்துக்கிறேன் மா, ஞாயித்துக்கிழமையும் வேலை இருக்கு, இனிமே லாபிஸ் வர முடியாது" என்று நேற்று நீ அனுப்பியதற்கு, "சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று பதில் போட்டேன் பார், அப்போதிலிருந்து எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. ஆபீசில் வாடிக்கையாளருக்கு அனுப்புகிற மாதிரி ஒன்றை மகனுக்கு அனுப்பிவிட்டேன். என் உண்மையான பதில் நீளமானது. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படி. சிக்னலில் நிற்கும்போது படிக்காதே.

என் பயம் உனக்குப் புதிதில்லை. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே உன்னைப் பெற்றவள் நான். கூடப் படித்தவர்கள் லீவு கிடைத்தால் மலாக்காவுக்கும் தீவுகளுக்கும் போனார்கள், நான் உன் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படித்தேன். குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கும் உன்னோடு கடைக்குப் போனால் "அக்காவா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் பெரியவளாக ஆவதற்கு முன்னாலேயே அம்மாவாகிவிட்டதால், கவலைப்படுவதைத் தவிர வேறு எதையும் நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை என்று இப்போது தோன்றுகிறது. போதாக்குறைக்கு இந்த வேலை. சிகாமட் ஆபீசில் நாள் முழுக்க மோட்டார் விபத்துக் காப்புறுதிக் கோப்புகள்தான் என் மேசைக்கு வருகின்றன. காலையில் கோப்பியை ஊற்றி வாயில் வைப்பதற்குள் யாருடைய மகனோ ஒருத்தனின் நசுங்கிய ஹெல்மெட்டைத் திரையில் பார்த்துவிடுகிறேன். ஒவ்வொன்றிலும் வயதைத்தான் முதலில் பார்ப்பேன். உன் வயதாக இருந்தால் அந்த ஃபைலை அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். பிறகு எப்படியும் அதற்கு வந்துதான் ஆகவேண்டும்.

அப்படிப்பட்டவளிடம் வந்து, "ஸ்க்ராம்ளர் வாங்கியிருக்கேன் மா, ஹபிஸ் கூட எஸ்டேட்டுக்குள்ள ஓட்டப் போறேன்" என்றாய். பாலத்தில் அல்லாடுவது போதாதா, காட்டுக்குள்ளும் போய் மோட்டார் ஓட்ட வேண்டுமா என்று நான் கத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தைய வருடம் முழுக்க நீ வீட்டுக்கு வந்த விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சனிக்கிழமை மாலை வேலை முடிந்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜேபியில் நீ எடுத்திருக்கும் ரூமிலிருந்து உன் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவாய். குளித்து முடித்த பிறகும் உன் தலைமுடியில் புகை நாற்றம் இருக்கும். பாலத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார்களுக்கு நடுவில், மழைக்கோட்டுக்குள் வெந்துகொண்டு, முன்னால் நிற்பவனின் புகையைக் குடித்துக்கொண்டு வாரம் ஆறு நாளும் போய்வருகிறவன். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால், "எதாச்சும்" என்பாய். போனைப் பார்த்துக்கொண்டே சோபாவில் தூங்கிவிடுவாய். தூக்கத்திலும் உன் வலது கை மணிக்கட்டு முறுக்கிக்கொண்டே இருக்கும், ஆக்ஸிலரேட்டரைப் பிடித்திருக்கிற மாதிரி. அதை அப்பாவுக்குக் காட்டினேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

முதல் ஞாயிறு நீயும் உன் சிநேகிதன் ஹபிசும் போய்விட்டு வந்து நின்ற கோலத்தை மறக்க முடியாது. கண் இரண்டும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. மற்றதெல்லாம் செம்மண். வாசலிலேயே நிறுத்தி, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டே அப்பா, "இதுல எது என் மகன், எது ஹபிஸ்னு தெரியலையே, ரெண்டு பேர்ல யாருக்கு லா சோறு போடுறது?" என்றார். ஹபிஸ், "அங்கிள், நான்தான் உங்க மகன், எனக்குக் கோழித் தொடை" என்றான். நீ சிரித்தாய், தம்பி. தண்ணீர் மூக்கில் ஏறி இருமிக்கொண்டே சிரித்தாய். அன்றைக்கு நீயே சட்டியைத் திறந்து, நீயே அள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாய். எந்த மேட்டில் டயர் வழுக்கியது, எந்தத் தண்ணீர்க் கானுக்குள் ஹபிஸ் விழுந்தான், வெட்டிப் போட்ட செம்பனை மர மட்டைமேல் ஏற்றினால் மோட்டார் எப்படித் துள்ளும் என்று பேசிக்கொண்டே இருந்தாய். வாரம் முழுவதற்கும் சேர்த்து வைத்திருந்த பேச்சு. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. நான் ஒரு வருடமாகக் கேட்டுக் கேட்டு வாங்க முடியாததை ஒரு சேற்று மேடு வாங்கிவிட்டதே என்று.

பிறகு ஒரு நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போனாய். "ஒரே ஒரு தடவை வாம்மா, பார்த்துட்டு அப்புறம் திட்டு" என்றாய். அப்பாவின் பழைய சிலுவாரைக் காலில் மாட்டிக்கொண்டு, ஹபிஸின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். எஸ்டேட் எல்லைக்குள் நுழைந்ததும் ஆரம்பித்த கத்தலை நான் நிறுத்தவே இல்லை. "வாயை மூடிக்கிட்டு வாம்மா, கொசு உள்ள போயிடும்" என்றாய். "மெதுவா போடா, பாவி!" என்றேன். "மெதுவா போனாதான் மா விழுவோம்" என்றாய். செம்பனை வரிசைகள் இரண்டு பக்கமும் ஓடின. பழக்குலை வெட்டுகிறவர்கள் நடக்கும் ஒற்றைத் தடத்தில் திரும்பினாய். பழைய தண்ணீர்த்தொட்டி நிற்கும் மேட்டில் ஏறும்போது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். பிறகு எப்போது கண்ணைத் திறந்தேன் என்று தெரியவில்லை. மேட்டைத் தாண்டி இறக்கத்தில் போகும்போது காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்தது. நான் கத்தவில்லை. எதையும் நினைக்கவில்லை. ஆபீஸ் இல்லை, மேசையில் கிடக்கும் கோப்புகள் இல்லை, வீட்டுக் கடன் இல்லை. முன்னால் வண்டி ஓட்டுகிறவன் என் மகன் என்பதுகூட அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நினைவில் இல்லை. சமதரைக்கு வந்து நீ நிறுத்தி, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று திரும்பியபோதுதான் எனக்கு ஒரு பிள்ளை இருப்பது ஞாபகம் வந்தது. நான் என்ன சொன்னேன்? "இனிமே என்னைக் கூப்பிடாதே, இடுப்பு கழண்டு போச்சு" என்று எரிந்து விழுந்தேன். உன் முகம் விழுந்துபோனது. இடுப்புக்கு ஒன்றுமில்லை, தம்பி. உன்னைப் பெற்ற நாளிலிருந்து ஒரு நிமிஷம்கூட உன்னை மறந்திராதவள் அன்றைக்கு மறந்துவிட்டேன், அது அவ்வளவு சுகமாக இருந்தது, அதனால் பயந்துவிட்டேன். அந்த ஓட்டம் உனக்கு என்ன செய்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் மற்றதையெல்லாம் செய்தேன்.

போக வேண்டுமானால் போனில் இருக்கும் இடத்தை எனக்குக் காட்டிக்கொண்டே போகவேண்டும் என்று நிபந்தனை போட்டேன். நீ வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சமையலறையில் போனை மசாலா டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு உன் நீலப் புள்ளியைப் பார்ப்பேன். பச்சை நிறத்துக்குள் எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். சில நேரம் நிற்கும், கையில் வேலை ஓடாது, பிறகு நகரும். ஹபிஸ் கூட இருக்கிறான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்தக் குறிப்பிட்ட ஞாயிறு ஹபிஸ் இல்லை. தங்கை நிச்சயதார்த்தத்துக்காக மூவார் போயிருந்தான். நீ தனியாகப் போனாய். நான் கோயிலில் இருந்தேன், திருவிழாவுக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து துப்புரவு செய்கிற கோத்தோங் ரோயோங். நம் தாமான் குடியிருப்பு ஆண்கள் எல்லோரும் பாராங் கத்தியும் புல்வெட்டி மிஷினுமாகக் கோயிலைச் சுற்றிப் புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் பெண்கள் கொட்டகையில் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். புள்ளி நின்றுவிட்டது. நான் ஒரு கூடை வெங்காயம் உரித்து முடித்தும் நகரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். என் மேசைக்கு வரும் படங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வெங்காயத்தைக் கீழே கொட்டிவிட்டு நான் போட்ட சத்தத்தில் மிஷின்களெல்லாம் நின்றுபோயின.

அதற்குப் பிறகு நடந்ததை நீ ஒரு பக்கத்திலிருந்து பார்த்தாய். நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். கோயில் தலைவர் தன் லாரியை எடுத்தார். கையில் இருந்ததைக் கீழே வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பாராங்கோடும் மிஷினோடும் இருபது ஆண்கள் லாரியில் ஏறினார்கள், நான் முன்னால் உட்கார்ந்து போனைப் பார்த்து வழி சொன்னேன். எஸ்டேட் வாசலில் காவல் இருந்த நேப்பாளி ஜாகா கையை நீட்டி நிறுத்தப் பார்த்தான். பழக்குலை திருட வந்த கூட்டம் என்றுதான் அவன் நினைத்திருப்பான், வேறென்ன நினைப்பான்? தலைவர் நிறுத்தாமல் விட்டார். தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குக் கீழே இறங்கி நடந்தோம். உன்னைப் பார்ப்பதற்கு முன்னால் உன் குரல்தான் கேட்டது. சின்னப் பிள்ளையில் கதவிடுக்கில் விரல் நசுங்கி நீ அழுத அழுகை. அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதில்லை. மோட்டாரை ஒழுங்காக நிறுத்தி வைத்திருந்தாய். மட்டைக் குவியல் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அழுதாய். எங்களைப் பார்த்ததும் நிறுத்தப் பார்த்தாய், முடியவில்லை. அத்தனை ஆண்களும் கையில் கத்தியோடு சும்மா நின்றார்கள். தலைவர்தான் குனிந்து, "ஐயா, பாம்பு கீது கடிச்சிருச்சா?" என்று கேட்டார். "இல்ல அங்கிள்" என்றாய். "அடி பட்டிருக்கா?" "இல்ல அங்கிள்." "அப்புறம் ஏன் ஐயா அழுவுற?" நீ முகத்தை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாய். பின்னாலிருந்து யாரோ, "காதல் தோல்வி லா, விடுங்க" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எங்கடா அடி, எங்கடா அடி" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கோயிலுக்குத் திரும்பியதும் எதிர்வீட்டு சாந்தி ஆன்ட்டி உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க உட்கார்ந்திருந்தான்?" என்று கேட்டார். சொன்னார்கள். "அலமாக், அது முனியாண்டி கல்லு இருக்கிற இடமாச்சே! உச்சி வேளையில தனியா போய் அங்க உட்கார்ந்தா சும்மா விடுமா?" என்றார். அவ்வளவுதான். அடிபடாத, பாம்பு கடிக்காத ஒரு வளர்ந்த பையன் ஏன் அழுதான் என்பதற்கு எல்லோருக்கும் ஒரு பதில் கிடைத்துவிட்டது. பூசாரியைக் கூப்பிட்டார்கள். உன்னை அம்மன் சன்னதிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார வைத்தார்கள். வேப்பிலை அடித்தார்கள், எலுமிச்சம்பழம் சுற்றினார்கள், "யாரு நீ, எதுக்கு வந்தே?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டார்கள். நீ உன் பெயரைச் சொன்னாய். சேறு காய்ந்த சட்டையோடு, "நான்தான், நான்தான்" என்று அமைதியாகச் சொன்னாய். பட்டம் வாங்கியவள், பேய் பிசாசைப் பற்றி உன்னிடம் கிண்டலாகப் பேசியே வளர்த்தவள், நான் கை கூப்பிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நம்பினேனா என்றால், இல்லை. நிறுத்தினேனா என்றால், அதுவும் இல்லை. முனி அடித்தது என்றால் அதற்கு ஒரு கயிறு இருக்கிறது, ஒரு பூசை இருக்கிறது, மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். நீ வாழ்கிற வாழ்க்கைதான் அடித்தது என்றால் நான் யாரிடம் போவேன்? மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டி முடித்ததும் நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "முடிஞ்சுதாம்மா? நாளைக்கு வேலைக்கு எந்திரிக்கணும்" என்றாய். கோபமே இல்லாமல் சொன்னாய். அன்று மாலை ஜேபிக்குக் கிளம்பிப் போனவன் அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை.

ஹபிஸிடம் பேசினேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அவன்மேல் கோபப்படாதே. அன்றைக்கு அவன் உன் கூட இல்லாமல் போனதால்தான் இப்படி ஆனது என்று அவனைத்தான் முதலில் திட்டினேன். அவன் பாவம், தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு, "ஆன்ட்டி, அவன் எப்பவும் அங்கதான் அழுவான்" என்றான். எனக்குப் புரியவில்லை. "எப்பவும்னா?" என்றேன். "நிறைய ஞாயித்துக்கிழமை. அந்த மேடு இறங்கினதும் மோட்டாரை நிறுத்துவான். நான் நிக்காம முன்னால போயிடுவேன். கொஞ்ச நேரம் கழிச்சு வருவான். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அப்புறம் ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டு வருவோம். அதுக்குத்தான் ஆன்ட்டி அவன் அங்க வர்றதே." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான், டயருக்குக் காற்றடிப்பதைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அப்படியானால் ஒவ்வொரு ஞாயிறும் நீ சிரித்துக்கொண்டே வந்து நின்றது அழுது முடித்த முகத்தோடுதான். அந்தச் செம்மண் எல்லாம் அதை எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறது. உனக்கு அழுவதற்கு உலகத்தில் ஓர் இடம் இருந்தது, அந்த இடத்துக்கு நான் லாரி நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த இடமும் இப்போது இல்லை. கத்தியோடு ஆட்கள் உள்ளே வந்தார்கள் என்று ஜாகா மேலே சொல்லிவிட்டான். எஸ்டேட் நிர்வாகம் இரும்புக் கேட் போட்டுவிட்டது, பின்பக்கத் தடங்களில் பள்ளம் வெட்டிவிட்டார்கள். நான் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மானேஜரைப் பார்க்கப் போனேன். என் பிழை, பையன்கள் வெறுமனே மோட்டார் ஓட்டத்தான் வருகிறார்கள், பழத்தில் கை வைக்கமாட்டார்கள் என்று மலாயில் எழுதிக்கூடக் கொண்டுபோனேன். கேட்டைத் தாண்ட முடியவில்லை. அதே நேப்பாளிதான் நின்றான். "தா போலே, காக், தா போலே" என்றான், முடியாது அக்கா முடியாது என்று கையை ஆட்டினான். அவனுக்கு உன்னைவிடச் சின்ன வயதுதான் இருக்கும். அவன் அம்மா எந்த மலையில் உட்கார்ந்துகொண்டு எந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ என்று நினைத்தேன், அதற்குமேல் அவனோடு சண்டை போட மனம் வரவில்லை. சிகாமட் பக்கம் ஆற்றோரமாக வேறொரு தடம் இருந்தது என்று ஹபிஸ் சொன்னான். போய்ப் பார்த்தோம். வெள்ளத்தில் பாதி கரை ஆற்றோடு போய்விட்டது, மிச்சத்தில் முழங்கால் வரை சேறு. ஹபிசே வேண்டாம் என்றுவிட்டான். அன்றைக்குச் செம்பனைக்குள் உன்னைப் படம் எடுத்தவனிடம் போய் அழிக்கச் சொன்னேன், அழித்தான், ஆனால் அது ஏற்கனவே எத்தனை பேருக்குப் போயிருக்கிறதோ. சாந்தி ஆன்ட்டி பார்க்கும்போதெல்லாம், "தம்பிக்கு இப்ப எப்படி, கயிறு இருக்கா?" என்று கேட்கிறார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். நான், "இருக்கு ஆன்ட்டி" என்கிறேன்.

உனக்கு நல்ல செய்தி ஏதாவது ஒன்று இதில் எழுதவேண்டும் என்று மாலையிலிருந்து தேடுகிறேன். கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வா என்று எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும், லாபிசில் வந்து என்ன செய்வாய்? சிகாமட்டில் அதே வேலைக்குப் பாதிக்கும் குறைவு. வீட்டுக் கடனில் உன் கை இருக்கிறது, நாங்கள் கேட்டு நீ கொடுக்கவில்லை, நீயாகவே கொடுக்கிறாய், ஆனால் அது நின்றால் எங்களால் முடியாது என்பது உனக்கும் தெரியும். எனவே விடு என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. நான் மாறிவிடுகிறேன் என்று எழுதலாம். பொய்யாகிவிடும். நாளைக்கே எங்காவது ஒரு காட்டில் உன் போன் நின்றுபோனால், மறுபடி வெங்காயத்தைக் கொட்டிவிட்டு மறுபடி லாரி ஏறுவேன். ஏறும்போதே அது தப்பு என்று தெரியும், அது ஒன்றுதான் வித்தியாசம். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுகிற பெற்றோர் எல்லோரும் கடைசியில் ஏதோ ஒரு வழியைக் காட்டித்தான் முடிக்கிறார்கள். என் கையில் வழி இல்லை.

ஆனால் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்காது, புத்திமதி சொல்லத்தான் சொல்லும். அந்தப் பக்கம் ரூம் எடுத்தால் ஜன்னல் இருக்கிற ரூமாக எடு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு எல்லா வாரமும் ஒத்துக்கொள்ளாதே, உன்னால் முடியாது என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது என்பது சூப்பர்வைசருக்குத் தெரியட்டும். ஹபிஸ் ஜேபிக்கு வந்தால் அவனைப் பார்க்காமல் இருக்காதே. கயிறை அறுத்துப் போடு, இன்னும் கட்டியிருந்தால். எங்காவது மண் சாலையைப் பார்த்தால், வாடகைக்குச் சைக்கிளாவது எடுத்துக்கொண்டு போ. முழங்கால் கவசம் போட்டுக்கொள். அழுகை வந்தால் அழு, யாராவது என்ன என்று கேட்டால் தூசி விழுந்துவிட்டது என்று சொல், கேட்கிறவர்களுக்கு அதுவே போதும். சிநேகிதர்கள் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் போகாமல் இருக்காதே. இதெல்லாம் எவ்வளவு சின்ன விஷயங்கள் என்று எழுதும்போதே எனக்குத் தெரிகிறது. உன் வாரத்துக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

நான் எதற்குப் பயப்படுகிறேன் என்பதை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மேட்டில் வழுக்கி விழுவாய் என்ற பயம் இப்போது இல்லை. கை கால் உடைந்தால் கட்டுப் போடலாம். வீட்டுக்கு வராத இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீ ஜேபி ரூமில் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறாய் என்று ஹபிஸ் சொன்னான். சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை என்றான். ஏதோ ஒரு விடிகாலையில், மழையில், அத்தனை மோட்டார்களுக்கு நடுவில், வீடு போய்ச் சேர்ந்தாலும் ஒன்றுதான் சேராவிட்டாலும் ஒன்றுதான் என்று உனக்குத் தோன்றிவிடுமோ என்பதுதான் என் பயம். தோன்றியிருக்கிறதா? நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். செம்பனைக்குள் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடி எங்கே என்று கேட்டதற்குப் பதில் இதைக் கேட்டிருக்க வேண்டும். ஆட்கள் நின்றார்கள், எனக்கு வாய் வரவில்லை. இப்போது யாரும் இல்லை, கேட்டுவிட்டேன்.

நீ வரவேண்டும் என்று கேட்கவில்லை. இருக்கும் இடத்தைக் காட்டு என்றும் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று மட்டும் எழுது. நல்லா இல்லை என்றால் நல்லா இல்லை என்று எழுது, ஒரு வரி போதும், நான் யாரையும் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். அப்பாவிடம்கூட நீ சொல்லச் சொன்னால்தான் சொல்வேன். தாமதிக்காதே, தம்பி. படித்ததும் சீக்கிரம் பதில் போடு.

அம்மா